கம்ப்யூட்டரில் யார் பெயர்?

13-7-87, திங்கள்

நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் விற்றவன் பெயர். இது அநியாயம். நாளைக்கு யாரும் மறுக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

சுவிட்சைப் போட்டதும் மெமரியை எண்ணுகிறது. எண்ணி முடித்ததும் பச்சை எழுத்தில், இங்கிலீஷில், ‘தயாரிப்பு: சுந்தர்ராஜ் சிஸ்டம்ஸ், வேலூர்’. தினமும் காலையில் அவனுக்கு நான் சலாம் போட வேண்டுமா?

எங்கள் தோல் ஷாப்பில் முறை என்ன? பதனிடக் கொண்டுவரும் வியாபாரி யாரோ, அவர் குறியைத்தான் பச்சைத் தோலின் ஓரத்தில் துளையாக அடிக்கிறோம். சுண்ணாம்பில் ஊறினாலும் போகாது. பொருள் யாருடையதோ, பெயர் அவருடையது. நான் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்த நாள் முதல் இதுதான் சட்டம்.

அந்தப் பெயர் போகும்வரை பெட்டியில் ஒரு தோல்கூடப் பதிவாகாது என்று முதலாளி மக்பூல் அகமது பாயிடம் சொல்லிவிட்டேன்.

“கேசவண்ணே, பக்ரீத் தோல் வர்றதுக்குள்ள இந்தப் பேஜாரை முடிங்க. இல்லாட்டி வேலூர்லேர்ந்து ஆப்பரேட்டரைக் கூப்ட்டுக்குவேன். உங்க நாற்காலியில அவன் உக்காருவான்.”

விளையாட்டாகச் சொன்னாரா? வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

14-7-87

பெட்டியின் முன்னாலிருந்த பெயர்த் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். சுவிட்சைப் போட்டால் திரையில் அதே பெயர். தகடு வெறும் நெற்றிப் பொட்டுதான்.

15-7-87

ஃப்ளாப்பியே போடாமல் பார்த்தேன். அப்போதும் வருகிறது. அப்படியானால் எங்கேதான் குடியிருக்கிறான்?

17-7-87, வெள்ளி

ஷாப்பு லீவு. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து சுந்தர்ராஜின் மெக்கானிக் ஜேக்கப்பை வரவழைத்தேன்.

மூடியைக் கழற்றினான். பூரான் போல இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு சிப்பு. அதன் முதுகில் காகித ஒட்டு.

“இதுலதான் அய்யா எங்க மொதலாளி பேரு இருக்குது. கரண்ட் போனாலும் போகாது.”

“அழிக்கவே முடியாதா?”

“ஒட்டைப் பிச்சா கீழ சின்னதா கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதுக்குன்னு ஒரு விளக்கு இருக்குது, அதுல காட்டுனா அழிஞ்சிடும். நாலஞ்சு நாள் வெயில்ல கிடந்தாலும் போய்டும். கை கிய் வெச்சிடாதீங்க பெரியவரே.”

வெயிலைப் பற்றித் தோல் ஷாப்புக்காரனிடம் சொல்கிறான்!

18-7-87

பாய் மெட்ராஸ் போய்விட்டார். சிப்பைக் கழற்றி, ஒட்டைப் பிய்த்து, தோல் காயும் களத்தில் ஒரு பலகைமேல் வைத்துவிட்டேன். காக்கா தூக்காமலிருக்க வீட்டு டீ வடிகட்டியைக் கவிழ்த்திருக்கிறேன். பெட்டியைத் துணி போட்டு மூடியாயிற்று.

22-7-87

வேட்டி முனையில் டீ வடிகட்டிக் கொடுத்தாள் என் மனைவி அமிர்தவள்ளி. “ஊர்ல புருஷன்லாம் மழைக்குப் பொண்டாட்டிக்குக் குடை புடிக்கிறான். நீ இன்னான்னா பூரானுக்கு வடிகட்டி புடிக்கிறே” என்றாள். இன்று மேகம். இன்னும் சில நாள் காய வேண்டும்.

28-7-87

சிப்பைத் திரும்பப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டேன். பெயர் போய்விட்டது!

மற்ற எல்லாமும் போய்விட்டது. திரை கறுப்பு. மூச்சுப் பேச்சு இல்லை.

30-7-87

பாய் வந்துவிட்டார். ஜேக்கப்பும் வந்து பார்த்தான்.

“பேரு மட்டும் தனியா இல்ல அய்யா. பொட்டி கண்ணு முழிச்சு, கீபோர்டு எங்க, ஃப்ளாப்பி எங்கன்னு தேடறதெல்லாம் இந்தச் சிப்புல எழுதி வெச்சதாலதான். அந்த எழுத்தோட எழுத்தா எங்க பேரும் இருந்துச்சு. நீங்க மொத்தத்தையும் காய வெச்சிட்டீங்க.”

பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “செவ்வாய்க்கிழமைக்குள்ள பொட்டி ஓடணும் கேசவண்ணே. ஓடலன்னா புதன்கிழமை நீங்க வர வேணாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் போன வழி தப்பாக இருக்கலாம். கேட்டது தப்பில்லை.

1-8-87, சனி

வேலூருக்கு பஸ் ஏறினேன். சுந்தர்ராஜ் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், இந்தப் பெட்டியை நீ செய்தாயா என்று.

“தைவான்லேர்ந்து சர்க்யூட் போர்டு வருது, சிங்கப்பூர்லேர்ந்து டிரைவ் வருது. நான் பொருத்திக் குடுக்கறேன்.”

“அப்ப பொருத்தினேன்னு போடு. செஞ்சேன்னு இன்னாத்துக்குப் போடறே?”

கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் குரலைத் தணிக்கவில்லை.

“அய்யா, கும்புடறேன். என் பேரையே எடுத்துட்டு அந்த இடத்துல உங்க டேனரி பேரை எழுதித் தர்றேன். போய்ட்டு வாங்க.”

ஜெயம்! வழியெல்லாம் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தேன்.

4-8-87, செவ்வாய்

ஜேக்கப் புதுச் சிப்பைப் பொருத்தினான். மெமரியை எண்ணியது. பிறகு ‘தயாரிப்பு: மக்பூல் டேனரி, ஆம்பூர்’. ஷாப்பே என் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டது. பாய் கை தட்டினார். “கேசவண்ணே, நாற்காலியை நல்லா துடைச்சிட்டு உக்காருங்க” என்றார்.

தோலுக்கு மெருகு போடும் அன்னம்மாள், நான் திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னதும், “ஏண்ணே, இந்தப் பொட்டியை எந்தத் தொட்டியில ஊற வெச்சோம்? எனக்குத் தெரியாம எப்ப மெருகு போட்டீங்க?” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. நாங்கள் செய்யாத பெட்டியில் எங்கள் பெயர். நாங்கள் செய்கிற தோலில்? சொந்தமாக வாங்கி, சொந்தமாகப் பதனிட்டு அனுப்புகிறோமே, அதில்கூட விற்றுக் கொடுக்கும் மெட்ராஸ் ஏஜென்ட்டின் குறிதான், எங்கள் பெயர் எங்கே? சுந்தர்ராஜ் போட்டது பொய் என்றால் இது மட்டும் என்ன?

11-8-87

பக்ரீத் தோல் முழுவதும் பெட்டியில் பதிவாகிவிட்டது. கையால் எழுதுவதைவிடச் சீக்கிரம்தான். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பாயிடம் மறுபடி போய் நின்றேன். “இன்னும் இன்னா பேரு அண்ணே?” என்று பயந்துபோய்க் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் தாடியைத் தடவினார்.

“மெட்ராஸ் ஏஜென்ட் ஒத்துக்க மாட்டானே.”

“நான் போய்ப் பேசட்டா?”

“ஐயோ வேணாம், நானே பேசறேன்!”

ஆகவே —

ஜேக்கப்: சிப்பிலிருந்து எங்கள் பெயரை எடுக்க வேண்டும். ‘பொருத்தியவர்: சுந்தர்ராஜ் சிஸ்டம்ஸ்’ என்று எழுத வேண்டும். அது நியாயம்.

கொல்லர் வேலு: ‘மக்பூல் டேனரி, ஆம்பூர்’ என்று இரும்பு முத்திரை செய்ய வேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வெட்ட வேண்டும். எனக்குக் காட்டாமல் முடிக்கக் கூடாது.

பாய்: ஏஜென்ட்டிடம் பேச வேண்டும். கெஞ்சக் கூடாது.

அன்னம்மாள்: எங்கள் சொந்தத் தோலில் முதல் முத்திரை அவள்தான் அடிக்க வேண்டும்.

நான்: பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல், பார்க்க வேண்டும்.