நாத்தனார் பெயரில் ஒரு வண்டி

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று மட்டும் இருபத்து மூன்று வண்டிகளுக்குப் பதிவு போட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. செவ்வாயோடு அரசாங்கத்தின் முழு மானியம் முடிகிறது. புதனிலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்குதான். மின்சார ஸ்கூட்டர் என்று ஒன்று இருப்பதே இன்றுதான் தெரிந்ததுபோல் ஊர் முழுக்க எங்கள் ஷோரூம் வாசலில் நிற்கிறது. நீல நிறம்தான் வேண்டும் என்று போன மாதம் அடம்பிடித்த டெய்லர், "எந்தக் கலரோ ஒண்ணு, என் பேரை ஏத்திடுங்கம்மா" என்கிறார்.

மானேஜர் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. புதனுக்கு அப்புறம் யார் வருவார்கள்?

செப்டம்பர் 29, திங்கள்

கூட்டம் கலைந்ததும் மானேஜர் எங்கள் ஐந்து பேரையும் கிடங்குக்குக் கூப்பிட்டார். பதினொரு வண்டிகள் மிச்சம். "நாளைக்குள்ள இதையெல்லாம் யார் பேர்லயாவது ஏத்திடணும். பழைய மானியமே நமக்குக் கிடைச்சுடும். அடுத்த மாசம் வர்றவங்களுக்குப் பழைய விலைக்கே கொடுத்துட்டு, பேரை மாத்திக் கொடுத்துடலாம். எல்லாக் கடையிலயும் இதான் நடக்குது."

ஓர் ஆதார் அட்டைக்கு ஒரு வண்டிக்குத்தான் மானியம். அதனால் வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள், யார் அட்டை கிடைத்தாலும் கொண்டுவர வேண்டுமாம். ஆளுக்கு இரண்டு வண்டி, மானேஜர் பெயரில் ஒன்று.

"மாட்டிக்க மாட்டோமா சார்?" என்று கேட்டது மெக்கானிக் அண்ணன்தான். நான் கேட்டிருக்க வேண்டும். பதிவு போடப்போவது என் கை. "கடை ஓடணுமா வேணாமா?" என்றார் மானேஜர்.

செப்டம்பர் 30, செவ்வாய்

என் பெயரில் ஒன்று போட்டாயிற்று. இன்னொன்றுக்கு வீட்டில் இவரிடம் அட்டை கேட்கப் பயம். கேட்டால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்.

நாத்தனாரின் அட்டை நகல் என் கைப்பையில் இருந்தது. போன வருடம் அவளுடைய வங்கிப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், விழுந்து கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைக்கிறவள். நாலரை மணிக்குப் போன் செய்தபோது யாருடைய முழங்காலையோ மடக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இப்போ போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லேன்."

"எதுக்கு அண்ணி?"

"ஆபீஸ்ல ஒரு லிஸ்ட்டுக்கு."

படித்துச் சொன்னாள். நான் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். பதிவான செய்தி அவளுக்குப் போகாமல் ஷோரூம் எண்ணுக்கு வரும்படி மாற்றிவைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? தப்பில்லை என்றால் ஏன் மறைத்தேன்?

அக்டோபர் 4, சனி

விலைப் பலகையை மாற்றினோம். ஈ ஓட்டுகிறோம்.

அக்டோபர் 8, புதன்

ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பி, பை மாட்டும் கொக்கியைத் தொட்டுப் பார்த்து, சொந்த வண்டிபோலவே இறங்கினார். பிறகு விலையைக் கேட்டார்கள். "போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாரே, அப்போ இவ்வளவு இல்லையே?" யோசித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் வந்ததாக என் ஆறு வருடச் சர்வீஸில் நினைவில்லை.

பெயர் ஏற்றிவைத்த வண்டிகளைக் காட்டினால், "வேற ஆள் பேர்ல இருக்கா? அப்போ பழைய வண்டிதானே?" என்கிறார்கள். பதினொன்றில் நான்குதான் போயிருக்கிறது. நாத்தனார் பெயரில் இருந்த வெள்ளை வண்டியை ஒரு கூரியர்காரர் எடுத்துப் போனார். அது தொலைந்தால் போதும் என்று இருந்தேன். ஆனால் பெயர் மாறும்வரை அது அவள் வண்டிதான். அவள் பெயரைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக ஓடுகிறது. எங்கேயாவது யாரையாவது இடித்துவிட்டால்?

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் நாத்தனார் வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "நானும் ஒரு கரண்ட் வண்டி எடுத்துடலாம்னு இருக்கேன் அண்ணி. மூணு பஸ் மாறி மாறி என் இடுப்பே போச்சு. நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறது? மானியம் கொறைஞ்சாலும் கொஞ்சம் இருக்காமே, அது இருந்தா சமாளிச்சுடுவேன்."

அவளுக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. அவள் அட்டையில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று இருக்கும்.

"அவசரப்படாதே, அடுத்த மாசம் விலை இறங்கும்" என்றேன். இவர் வேறு, "கடைக்காரியே வாங்காதேங்கிறா, அப்பேர்ப்பட்ட யாவாரி" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 15, புதன்

மூன்று தெரு தள்ளி இருக்கும் ஷோரூமை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். மானியம் வாங்கியவர்களை அதிகாரிகளே ஆதாரில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, வண்டி எப்படி ஓடுகிறது, என்ன நிறம் என்று கேட்கிறார்களாம். அந்தக் கடையில் ஒருவர் எந்த வண்டி என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். முடிந்தது கதை. பதிவு போட்ட பெண்ணை இரண்டு நாளாக விசாரிக்கிறார்கள். எனக்கு அவளைத் தெரியும், பயிற்சியில் பக்கத்து நாற்காலி.

மானேஜர் இப்போது சிரிப்பதில்லை. "உங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. நல்லா ஓடுதுன்னு சொல்லணும், அவ்வளவுதான்." எல்லோரும் தலையாட்டினோம். எல்லோருடைய ஆட்களுக்கும் விஷயம் தெரியும். என்னுடைய ஆளுக்குத் தவிர.

அக்டோபர் 16, வியாழன்

நாத்தனார் போன் செய்தாள். எடுக்கவில்லை. அதிகாரிகள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்களோ?

அக்டோபர் 17, வெள்ளி

விலை விசாரிக்கத்தான் கூப்பிட்டாளாம். இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 18, சனி

கூரியர்காரர் வந்து பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். மானேஜர் படிவத்தை என் மேசையில் வைத்து, "நீயே போட்டுடேன். வீட்டு ஆள் கையெழுத்துதானே?" என்றார்.

வேறொரு தாளில் போட்டுப் பார்த்தேன். போட்டே பார்த்துட்டேன். அச்சு அசலா வந்துச்சு, அதுதான் — அவ கையெழுத்து என் கையில இவ்வளவு சுலபமா வருதே, நான் என்ன ஆளாயிட்டேன்? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, திங்கள்கிழமை தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாத்தனார் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். ஜன்னல் கம்பியில் உடற்பயிற்சி ரப்பர் பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. உட்காரச் சொன்னாள், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "அப்போ எனக்கு இனிமே கிடைக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு தடவைதான் தருவாங்க."

"முழு விலைக்கு என்னால முடியாது அண்ணி."

"மிச்சத்தை நான் தர்றேன்."

"எங்கேர்ந்து தருவீங்க?"

படிவத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "தெரிய வேணாம்."

பெயர் மாற இரண்டு வாரம் ஆகும், நடுவில் போன் வரலாம் என்பதையும் சொன்னேன். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி வெள்ளை நிறம் என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

பதினொன்றே காலுக்கு அவளிடமிருந்து போன். "கேட்டாங்க அண்ணி. வெள்ளை வண்டி, நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டேன்."

நான் ஏதாவது சொல்வதற்குள் வைத்துவிட்டாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயம் விட்டுப்போனதில் வந்த அழுகை. அதற்கும் வெட்கமாக இருந்தது.

நவம்பர் 5, புதன்

பெயர் மாறிவிட்டது. மெக்கானிக் அண்ணனையும் இன்னொருவரையும் இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விற்பனை இல்லையாம். அடுத்தது யார்?

நவம்பர் 9, ஞாயிறு

பகல் பதினொரு மணிக்கு வாசலில் படபடவென்று சத்தம். நாத்தனார், பழைய பெட்ரோல் வண்டியில். இவர் வெளியே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடி இது, வீட்டுல ஒருத்தி கரண்ட் வண்டி விக்கிறா, நீ புகை விட்டுக்கிட்டு வந்து நிக்கிறே?" என்றார்.

"மானியம் கொறைஞ்சுடுச்சில்லண்ணா. நமக்குக் கட்டுப்படியாகல. இது மூணு கை மாறினது, பரவாயில்ல, ஓடுது."

என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள். இவர் சாவியை வாங்கிக்கொண்டு தெருமுனைவரை ஓட்டிப் பார்க்கப் போனார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"உள்ளே வா, சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.

"இல்ல அண்ணி, பேஷன்ட் ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க."

இவர் வந்து இறங்கியதும் ஏறிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை.