நீ இறங்கிக் கொடுத்த வண்டி

அண்ணே,

போன மாதம் மாட்டுக் கொட்டகைப் பரணை ஒழுங்குபடுத்தும்போது உன் பச்சைத் துண்டு கிடைத்தது. பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. எடுத்து உதறினேன். வேப்பெண்ணெயும் மாட்டு வியர்வையும் கலந்த உன் வாடை அப்படியே இருந்தது. ஒரு முனை மட்டும் நைந்து, ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. எலி கடித்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். "எலி இல்லீங்க, எங்கண்ணன் கடிச்சது" என்றேன். அவர் துண்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அழுது தீர்க்க வேண்டியதை எல்லாம் அப்போதே தீர்த்துவிட்டேன். இப்போது உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பெருமைதான். அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பூலாம்பாடியில் பந்தய மாடு வைத்திருக்கும் பொம்பளை நான் ஒருத்திதான். செவலையையும் மயிலையையும் கன்றாக வாங்கி வளர்த்தது நான். ஓட வைத்தது நீ. எனக்கு வாய் அதிகம், உனக்குப் பொறுமை அதிகம், அதனால் நம் ஜோடி மாட்டு ஜோடியைவிடப் பொருத்தம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மற்ற சாரதிகள் எல்லாம் சாட்டையோடு ஏறுவார்கள். நீ வெறுங்கையோடு ஏறுவாய். "போலாம்டா ராசா" என்ற உன் ஒரு குரலுக்கு இரண்டும் காதை விடைத்துக்கொண்டு கிளம்பும். நாலு வருடம் நாம் போன இடமெல்லாம் முதல் மூன்றுக்குள் வந்தோம்.

அப்புறம்தான் அந்த ஆனி மாதப் பந்தயம். அரியலூர்ப் பக்கம். எல்கையில் கொடி நட்டிருந்த இடத்தில் வண்டிகள் சுற்றித் திரும்பும்போது, ரெட்டிபாளையத்துக் குமரேசன் ஓட்டி வந்த வண்டி உன் சக்கரத்தில் உரசியது. நீ தார் ரோட்டில் உருண்டாய். தோள்பட்டை எலும்பு முறிந்தது. குமரேசன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் முதலில் வந்தான். அவனை நான் பேசிய பேச்சு சிமெண்ட் ஆலைச் சங்குக்கு மேலே கேட்டிருக்கும்.

எலும்பு கூடிவிட்டது. தை மாதம் நீ மறுபடியும் ஏறினாய். முதல் பந்தயத்தில் ஐந்தாவது. மாசியில் ஏழாவது. பங்குனியில் பரிசுக்காரர்கள் பட்டியலிலேயே நம் பெயர் இல்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். மாடு நன்றாகத்தான் இருந்தது. வைகாசியில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரிய பந்தயம் பாக்கி இருந்தது. அதிலும் இப்படியே வந்தால் மாடு போயிற்று என்று ஊர் முடிவு கட்டிவிடும். உன்னை இறக்கினாலோ, இந்த வீட்டுக்கு நீ வருவதே நின்றுபோகும் என்று எனக்குப் பயம். கூடப்பிறந்தவனை எப்படி இறங்கச் சொல்வது? சொல்ல வேண்டிய வார்த்தையை எல்லாம் அடுப்படியில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

அதனால் ஒரு கோழைத்தனம் செய்தேன். உனக்குத் தெரியாமல் சிவகங்கைப் பக்கத்துச் சாரதி ஒருவருக்குப் போன் போட்டு, வைகாசிக்கு வர முடியுமா என்று கேட்டுவைத்தேன்.

மறுநாள் காலை நீ வந்தாய். என் போனை வாங்கி, பங்குனிப் பந்தய வீடியோவைப் போட்டாய். எல்கைத் திருப்பம் வந்ததும் நிறுத்தி, உன் கையைக் காட்டினாய்.

"இங்க பாரு பாப்பா. திருப்பத்துக்கு இன்னும் முப்பது கெஜம் இருக்கு. அதுக்குள்ள கயித்த இழுத்துட்டேன்."

"மாடு வேகமா வந்துச்சு, அதான இழுத்த?"

"மாடு சரியாத்தான் வந்துச்சு. நான்தான் பயந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் எல்கை வந்தா கை தன்னால இழுக்குது." போனை என் மடியில் வைத்தாய். "வேற ஆள் போடு."

நான் நாலு நாளாகச் சொல்ல முடியாமல் தவித்ததை நீ டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாய். யாரைப் போடுவது என்று கேட்டேன்.

"குமரேசன."

"அவனா? ஒன்ன ரோட்டுல உருட்டுனவன்ண்ணே அவன்."

"உருட்டுனான்தான். ஆனா அப்பக்கூட அவன் கயித்த இழுக்கல, பாத்தியா? அந்தத் திருப்பத்துல பயம் இல்லாத ஆளு அவன்தான். நம்ம மாட்டுக்கு அவன்தான் சரி. கோவத்த வூட்டுல வச்சிட்டு வா, நானே கூட வரேன்."

இரண்டு பேரும் பஸ் ஏறி ரெட்டிபாளையம் போனோம். ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை முடிந்து, தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு வெளியே வந்த குமரேசன், உன்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து நின்றுவிட்டான். நீ விஷயத்தைச் சொன்னாய். அவன் என்னைப் பார்த்தான், உன் தோளைப் பார்த்தான். "அன்னிக்கு நான் நின்னிருக்கணும்ண்ணே" என்றான். "நின்னிருந்தா ஒன்னத் தேடி வந்திருக்க மாட்டேன்டா" என்றாய் நீ.

அப்புறம் முதல் பயிற்சி. குமரேசன் நம் வண்டியில் வந்துகொண்டிருந்தான். நல்ல ஓட்டம். வரப்பில் நின்ற உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழக்கதோஷத்தில் "போலாம்டா ராசா" என்று குரல் கொடுத்துவிட்டாய். அவ்வளவுதான். இரண்டு மாடும் ரோட்டை விட்டு, குரல் வந்த பக்கம் பாய்ந்தன. ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. குமரேசன் எப்படியோ சமாளித்து நிறுத்தினான். செவலை உன்னிடம் வந்து கையை நக்கியது.

அன்றைக்கு நீ ஒரு முடிவு எடுத்தாய். பந்தயம் முடியும்வரை மாட்டின் காதில் உன் குரல் விழக்கூடாது. பதினெட்டு நாள். விடியற்காலையில் வந்து தீனி வைத்தாய், கொட்டகை கூட்டினாய், கால் பிடித்துவிட்டாய், வாயை மட்டும் திறக்கவில்லை. போன் வந்தால் தெருமுனைக்குப் போய்ப் பேசினாய். என்னிடம் எல்லாம் கை ஜாடைதான். அது புரியாமல் நான் தவிட்டுக்குப் பதில் தண்ணீர் எடுத்து வர, நீ தலையில் அடித்துக்கொள்வாய். மயிலை உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். "அது பாக்குறப்பதான் பாப்பா முடியல" என்று வீட்டுக்குள் வந்து ஒருநாள் சொன்னாய். போதும், விட்டுவிடு என்றேன். கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கூடப்பிறந்தவனையே இறக்கிவிட்டாள் என்று பேச்சு வந்தது. டீக்கடையில் யாரோ உன் காதுபடவே சொன்னார்களாம். "அவ எங்க எறக்குனா? நான் எறங்குனேன். ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியாதா?" என்றாயாம். அதை எனக்கு வந்து சொன்னவரே பிறகு என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

பந்தயத்தன்று நீ கிளம்பும் இடத்தில் நிற்கவில்லை, முடியும் இடத்திலும் நிற்கவில்லை. நேராக எல்கைக்கு வந்தாய். உன்னைப் பயமுறுத்திய திருப்பம்தான் பார்க்க வேண்டியது என்றாய். நானும் பக்கத்தில் நின்றேன். தூசி தெரிந்ததும் துண்டு முனையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாய். நம் வண்டி இரண்டாவதாக வந்தது. முப்பது கெஜம். இருபது. குமரேசன் கயிற்றை இழுக்கவில்லை. உன் கழுத்து நரம்பு புடைத்தது. பத்து கெஜம் இருக்கும்போது செவலையின் காது நம் பக்கம் திரும்பியது. உன் வாடை அதற்குத் தெரிந்திருக்கும். ஒரு முனகல் வந்திருந்தால் போதும், எல்லாம் போயிருக்கும். நீ மூச்சுக்கூட விடவில்லை. வண்டி கொடியை ஒட்டிச் சுற்றி, முதல் வண்டியாக வெளியே போனது.

அது கண்ணுக்கு மறைந்த பிறகும் நீ துண்டை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். பல்லில் பச்சை நூல் ஒட்டியிருந்தது.

"திரும்பிடுச்சு பாப்பா" என்றாய்.

முதல் பரிசு நமக்குத்தான். குமரேசன் பரிசுக் கொடியைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினான். "கயிறு புடிச்சவன் கையிலதான்டா கொடி இருக்கணும்" என்று அவன் கையிலேயே திருப்பி வைத்தாய். பிறகு மாடுகளுக்கு நடுவில் போய் நின்று, பதினெட்டு நாளுக்குப் பிறகு, "என்னடா ராசா, மறந்துட்டீங்களா?" என்று கேட்டாய். இரண்டும் உன் மார்பில் தலையை வைத்து முட்டிய முட்டலில் நீ கீழே விழப் பார்த்தாய். அப்போதுதான் உன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது மினி லாரியில், பாதித் தூக்கத்தில், "அந்தச் சிவகங்கைக்காரர் வந்திருந்தா இப்புடித் திருப்பியிருப்பாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். அந்தப் போன் விஷயம் தெரிந்தும் ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டாத மனிதன் நீ.

அந்த ஐப்பசி அடைமழையில், நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன்னைத் தூக்கிய தோள்களில் ஒன்று குமரேசனுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பருவத்தின் முதல் பந்தயம். நான் எல்கையில்தான் நின்றேன். நம் வண்டி வந்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என் வாய்தான் உனக்குத் தெரியுமே. என் குரலும் அந்த மாடுகளுக்குத் தெரியும். இடுப்பில் சுற்றியிருந்த உன் துண்டை எடுத்து, நீ கடித்த அதே முனையைக் கடித்துக்கொண்டேன். வண்டி திரும்பியது.

இரண்டாவது வந்தோம். குமரேசன் வந்து, "என்னக்கா, இன்னிக்கு ஒங்க சத்தமே காணும்?" என்றான். துண்டைக் காட்டினேன். பார்த்தவுடன் புரிந்துகொண்டான். தலையில் கட்டிக்கொள்ளத் தரச் சொல்லிக் கையை நீட்டினான்.

தரவில்லை அண்ணே. கயிறு அவனுடையது. துண்டு என்னுடையது.