கவட்டைக் கம்பு

1994 மாசி, செவ்வாய்.

பள்ளி விட்டு வந்தபோது, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாமியார் வந்து காத்திருந்தார்.

"கோமதிக்கு அம்மை போட்டிருக்கும்மா. வீட்டுல வேற ஒருத்தருக்கும் வந்ததில்ல. உனக்குத்தான் முன்னயே வந்துட்டுல்லா, நீ வந்து பாத்துக்கிடணும்."

ஏன் மற்றவர்களுக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எனக்கு அம்மை போட்டதும் மாட்டுத் தொழுவத்தில் தள்ளிவைத்தார்கள். நாத்தனார் கோமதி வாசலில் நின்றபடி தண்ணீர்ச் செம்பைக் கவட்டைக் கம்பால் தள்ளிவிடுவாள். பாதி கொட்டிவிடும். "மிச்சம் போதும் உனக்கு" என்பாள்.

இன்று காலையில்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு, நோய்க்கிருமியோடு போராட இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் பற்றி நடத்தினேன். கரும்பலகையில் வரைந்ததும் ஒரு கவட்டைக் கம்புதான். அதன் இரண்டு நுனிகளும் தமக்குப் பொருந்திய கிருமியை மட்டுமே பிடிக்கும். அடிக்கம்பு, கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். முதல் தடவை அதை உண்டாக்க உடம்புக்கு நாளாகும். அதே கிருமி திரும்பி வந்தால் ஆள் தெரிந்து உடனே பாயும்.

எனக்கும் யோசிக்க நேரம் வேண்டியிருக்கவில்லை.

"வாரேன் அத்தை. அவளத் தொழுவத்துல படுக்கப் போடுங்க."

மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

காலையில் முதல் பேருந்துக்குப் போகிறேன். அந்தக் கம்பு அங்கேயேதான் சாத்தியிருக்கும். இல்லாவிட்டால் வேலியில் ஒன்று ஒடித்துக்கொள்வேன்.