நாற்பத்தோராவது பொருள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. சிறையில் இது நான்காம் நாள். யானைத் தந்தம் விற்றவன் என்று பிடித்திருக்கிறார்கள். உறுதியானால் ஏழு வருடம் என்கிறார் வக்கீல். என் கடையில் போலீஸ் எடுத்த நாற்பத்தொரு பொருளும் உன் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் வருகிறதாம். தந்தம் என்று நான் விற்றதெல்லாம் மாட்டெலும்பும் பிளாஸ்டிக்கும்தான். இத்தனை காலம் கெட்டிக்காரன் என்று மார்தட்டியவன், இப்போது ஏமாற்றுக்காரன் என்று சான்றிதழ் கேட்டு நிற்கிறேன். சீக்கிரம் எழுதிக் கொடு அக்கா. பயமாக இருக்கிறது.

உன் தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ என் தம்பி என்று மேலாளரிடம் சொன்னேன். "தெரியும்மா. நீங்க பொய் எழுத மாட்டீங்க" என்று பெட்டியை என் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

நாற்பதும் போலி. லென்ஸில் பார்த்தால் எலும்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். பிளாஸ்டிக்கில் கோடுகள் ஒரே பக்கமாக ஓடுகின்றன. நாற்பத்தோராவது ஒரு வளையல். அதன் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் பின்னியிருக்கின்றன. அசல் தந்தம்.

உள்பக்கம் அம்மா ஊசியால் கீறிய பிறை. மெருகு போட்டுத் தருகிறேன் என்று பத்து வருடம் முன்பு நீ வாங்கிப்போன என் வளையல். நீ திருப்பித் தந்ததைக் கையிலிருந்து கழற்றிப் பார்த்தேன். எலும்பு. பிறையைக்கூட அப்படியே கீறியிருக்கிறாய். ஊரார் பொருளையெல்லாம் சோதிப்பவள், தம்பி தந்ததை ஒருநாளும் சோதிக்கவில்லை. ஏன்டா இப்படிச் செய்தாய்?

உன் அக்கா

ஜூன் 12

அக்கா,

இதை வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் காலில் விழுகிறேன். சத்தியமாக விற்பதற்கு எடுக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றதையெல்லாம் செய்தேன். பிறகு திருப்பித் தர வெட்கமாகிவிட்டது. அதையும் எலும்பு என்று எழுதிவிடு. ஒரே ஒரு சொல். தாயில்லாத என் பாப்பாவுக்கு நாலு வயதுதான். ஏழு வருடம் கழித்து வந்தால் நான் யாரென்று கேட்பாள்.

தம்பி

ஜூன் 18

தம்பிக்கு,

தந்தம் என்றுதான் எழுதினேன். இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

பிறகு வக்கீலைப் பார்த்தேன். வளையல் வீட்டில் திருடியது, விற்பனைச் சரக்கு இல்லை என்று நிரூபித்தால் தந்த வழக்கு நிற்காதாம். திருட்டுக்கு ஆறு மாதம். நேரே காவல் நிலையத்துக்குப் போய், தம்பி என் வளையலைத் திருடிவிட்டான் என்று புகார் கொடுத்தேன். அம்மா அதைப் போட்டிருக்கும் போட்டோவையும், நீ செய்து தந்த போலியையும் மேஜைமேல் வைத்தேன். கேட்டால் ஒப்புக்கொள்.

பாப்பா என்னிடம்தான் இருக்கிறாள். விடுதலையானதும் வந்து அவளைக் கூட்டிப்போ. வாசலில் நின்று கூப்பிடு, அனுப்பி வைக்கிறேன். உள்ளே வராதே.

அக்கா