சாலை காய்ந்திருந்தது

அக்டோபர் 4

அலுவலகத்தில் என் பெயர் 'அளவுகோல்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். வயது ஐம்பது. நகரின் சாலைப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளன். இந்த மழைக்காலம் முடியும்வரை, கோப்பில் இடம்பெறாதவற்றை இங்கே எழுதி வைப்பது என் நோக்கம்.

இன்று மலையடித் தெரு முழுவதற்கும் அறிவிக்கை அனுப்பினேன். அங்குள்ள வீடுகள் எல்லாம் குன்றை ஒட்டியவை. ஒவ்வொரு வீட்டின் பின்னாலும், மண் சரியாமலிருக்க ஒரு தாங்குசுவர். சுவரில் நீர் வடியும் துளைகள். வடிகிற நீர் பக்கச் சந்து வழியாகச் சாலைக்கு வந்து பாசி பிடிக்கிறது. போன வாரம் தபால்காரர் வண்டியோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். 'வீட்டு நீர் பொதுச் சாலையில் பாயலாகாது. பதினைந்து நாட்களுக்குள் சரிசெய்க.' விதி தெளிவானது.

அக்காவின் வீடும் அதே தெருவில்தான். அவளுக்கும் ஒன்று போயிற்று. உறவுக்கென்று தனி விதி கிடையாது.

அக்டோபர் 6

அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, கூடப் பொறந்தவளுக்கே நோட்டீஸா? ஒரு போன் பண்ணிச் சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"போனைக் கோப்புல சேர்க்க முடியாதுக்கா."

பின்னால் அத்தானின் சிரிப்பு கேட்டது. "உன் தம்பி மூச்சு விடுறதுக்கே மேலிடத்துல அனுமதி வாங்குற ஆளு. விடு, நான் பாத்துக்கறேன்."

எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுவரடியில் சிறு வாய்க்கால் கட்டி மழைநீர் வடிகாலில் சேர்ப்பதே முறை. அறிவிக்கையில் அதைக் குறிப்பிடவில்லை. செய்முறை சொல்வது எங்கள் பிரிவின் வேலை அன்று.

அக்டோபர் 19

ஆய்வு. தெரு முழுவதும் நடந்தேன். சாலை காய்ந்திருந்தது, பாசியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்காக ஒரு தெரு விதிக்குக் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "தெருவுலயே நாங்கதான் முதல்ல முடிச்சோம், தெரியுமா? அதிகாரியோட அக்கா வீடே இழுத்தடிக்குதுன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாரு. உள்ள வாடா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ."

"ஆய்வுக்கு வந்த இடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாதுக்கா."

"சரி, தண்ணியாவது? அதுக்கும் சட்டம் இருக்கா?"

சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். எல்லா வீடுகளுக்கும் 'நிறைவேற்றப்பட்டது' என்று கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 28

மூன்றாம் நாளாக மழை. மலையடித் தெரு வழியாக வந்தேன். ஒரு சந்திலிருந்தும் கலங்கல் நீர் வரவில்லை. மனத்துக்கு நிறைவாக இருந்தது.

நவம்பர் 1

அக்கா போய்விட்டாள்.

நவம்பர் 4

இன்றுதான் நோட்டை எடுத்தேன். எழுதுகிறேன்.

ஒன்றாம் தேதி காலை நேரம். அக்கா பின்கட்டில், சமையலறையில் இருந்தாள். அத்தான் முன்னறையில். சுவர் மொத்தமாகச் சாய்ந்து, அதன் மேல் குன்றின் மண் இறங்கியிருக்கிறது. சத்தம் கேட்டு அத்தான் திரும்பியபோது சமையலறை இருந்த இடத்தில் சமையலறை இல்லை.

மண்ணை அள்ளியவர்கள் சுவரின் துண்டுகளைச் சந்தோரம் குவித்திருந்தார்கள். ஒரு துண்டில் ஒரு துளை. துளை முழுக்கச் சிமெண்டு. பழைய சுவர் கறுத்திருந்தது. சிமெண்டு மட்டும் வெளிறிய புதுச் சாம்பல் நிறம். அடுத்த துண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

சாலைக்கு நீர் வரக் கூடாது என்றேன். வராமல் செய்துவிட்டார்கள். வடிய வழியில்லாத நீர் சுவருக்குப் பின்னால் மண்ணில் ஏறி ஏறி நின்றிருக்கிறது. ஊறிய மண்ணின் பாரத்தோடு நீரின் அழுத்தமும் சேர்ந்தால் எந்தச் சுவரும் நிற்காது. இது கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். எனக்குத் தெரியாததா? அத்தனை மழையில் சந்துகள் காய்ந்து கிடந்தபோது, தண்ணி எங்கடா போச்சுன்னு எனக்கு ஏன் கேக்கத் தோணல? நிறைவாம். மனசுக்கு நிறைவாம்!

அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அந்தச் சுவர்தான். அன்று உள்ளே போயிருந்தால் பார்த்திருப்பேன். ஒரு வாய் காபி.

நவம்பர் 7

அத்தான் தம் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் அடைச்சேன்டா. என் கையால கலவை போட்டு அடைச்சேன். அவ பக்கத்துல நின்னு, 'இங்க ஒண்ணு விட்டுட்டீங்க, இங்க ஒண்ணு'ன்னு காட்டிக் குடுத்தா. எங்களப் பாத்துதான் தெருவே அடைச்சுது. நானே கொன்னுட்டேன்டா அவள."

'இல்ல அத்தான்' என்ற இரண்டு சொற்களை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். என்ன மனிதன் நான்?

ஆனால், 'தெருவே' என்றாரே. சாலைக்கு வந்தபின்தான் அந்தச் சொல் உறைத்தது. மற்ற சுவர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. மறுபடியும் தூறத் தொடங்கியிருக்கிறது.

நவம்பர் 8

மேலதிகாரியின் அறைக்குப் போனேன். என் அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், துளைகளை உடனே திறக்க உத்தரவிட வேண்டும் என்றேன். மேசையில் விசாரணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை தயாராக இருந்தது: 'கனமழையால் நேர்ந்த இயற்கைப் பேரிடர்.'

"போன வருஷம் இதைவிடப் பெரிய மழை பெஞ்சுது சார். அதே சுவர் அசையாம நின்னுது."

"யோவ் அளவுகோல், மழைன்னு போட்டா எல்லாருக்கும் நல்லது. உமக்கும் நல்லது. வானத்து மேல எவனாவது கேஸ் போட முடியுமா? இப்பத் துளையத் தொறக்கச் சொன்னா, அடைக்க வெச்சது யாருன்னு கேப்பான்."

"நான்னு சொல்லுங்க."

"துக்கத்துல பேசுறீர். வீட்டுக்குப் போய்த் தூங்கும்."

உத்தரவு கிடைக்கவில்லை. உத்தரவின்றி ஒரு தெருவில் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை. இத்தனை ஆண்டுப் பணியில் ஒரு முறையும் அப்படிச் செய்ததில்லை.

நவம்பர் 9

சிமெண்டைத் துளைக்கும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலையடித் தெருவுக்குப் போனேன். விடுப்பு விண்ணப்பம்கூடக் கொடுக்கவில்லை.

முதல் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை கதவைப் பாதி திறந்தார். "என்ன சார், அன்னிக்கு அடைங்கன்னீங்க, இன்னிக்கு ஓட்டை போட வந்திருக்கீங்க? நாளைக்கு வந்து அபராதம் போடவா?"

"நான் அனுப்பின நோட்டீஸே தப்பும்மா. அந்தத் தப்பாலதான் என் அக்கா செத்துப்போனா."

அவர் கதவை முழுவதும் திறந்தார்.

சுவரின் நடுப்பகுதி முன்னோக்கிப் புடைத்திருந்தது. வீட்டிலுள்ளவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஓரத்தில் கீழ்வரிசைத் துளையில் கருவியை வைத்தேன். சிமெண்டு விட்டதும் நீர் பீறிட்டு என் நெஞ்சில் அடித்தது. செம்மண் நீர். பக்கச் சந்து வழியாகப் பாய்ந்து, தெருவில் இறங்கி, விதிமுறைக்கு முற்றிலும் மாறாகச் சாலை முழுவதும் ஓடியது. ஓடட்டும் என்று நின்றேன். ஒருவர் பின் ஒருவராக அக்கம்பக்கத்தார் கடப்பாரை, சுத்தியலோடு வந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாச் சுவர்களும் வடியத் தொடங்கின. புடைத்த சுவருக்குக் கீழுள்ள வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள்.

அக்கா வீட்டு மண்மேட்டைக் கடந்துதான் திரும்பி வர வேண்டியிருந்தது.

நவம்பர் 12

தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. பிழையில்லாமல் எழுதப்பட்ட ஆணை. விசாரணைக் குழுவிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன்: பெய்தது வழக்கமான மழை, சுவரைச் சாய்த்தது தேங்கிய நீர், நீரைத் தேக்கியது என் அறிவிக்கையும், சாலையை மட்டும் பார்த்து நான் இட்ட கையெழுத்தும். அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு.

அத்தான் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் அண்ணன் சொல்லியனுப்பினார்.

நாளை காலை அவரிடம் போகிறேன். 'நான் அடைச்சேன்' என்று அவர் தொடங்கும்போது இந்த முறை, 'அடைக்க வெச்சது நான்' என்று குறுக்கிட்டுச் சொல்வேன். அவர் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன்; முகத்தில் விழிக்காதே என்றால் விழிக்க மாட்டேன். அவர் மேல் கிடக்கும் பாரத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டுதான் படியிறங்குவேன்.