மயில்கழுத்துப் பூச்சி

ஜூன் 14, சனி

இன்று இவர் லண்டன் வான்டில் ஆற்றில் பிடித்தவை: வில்லோ மரக் கிளை மூன்று, முட்பற்றை இரண்டு, தன் தொப்பி ஒன்று. மீன் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும்போது விசிலடித்துக்கொண்டுதான் வந்தார்.

அந்த விசிலுக்காகத்தான் நானும் பொறுத்துக்கொள்கிறேன். இதய ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் சோபாவில் பள்ளம் விழக் கிடந்தவர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் அனுப்பினார். நடக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசுவதைக் கண்டு நின்றவர்தான், இரண்டு வருடமாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பிடித்த மீனைக் கொண்டுவரவும் கூடாதாம். பார்த்துவிட்டு ஆற்றில் விட வேண்டுமாம், மீன்பிடி கிளப் சட்டம்.

“விடுறதுக்கு ஏன் பிடிக்கிறியள்?”

“உமக்கு விளங்காது, ஈசு.”

ஓம், விளங்கவில்லைதான்.

ஜூன் 19, வியாழன்

இந்த மீன்பிடிக்குப் புழு கிடையாது. தூண்டில் ஊசியில் மயிரும் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்து மீனை ஏமாற்ற வேண்டும். இவர் என் தையல் மேசையில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் சுற்றினார். முடிவில் வந்தது, வெற்றிலை துப்பிய மாதிரி ஒன்று. பார்க்கப் பொறுக்கவில்லை. “இஞ்ச தாங்கோ” என்று வாங்கிப் பத்து நிமிடத்தில் மூன்று கட்டினேன். முயல் மயிரில் உடம்பு, மேலே ப்ளவுஸ் கரைக்கு வைக்கும் சரிகை நூல் நாலு சுற்று. முப்பது வருடமாக லண்டன் சனத்துக்கு ப்ளவுஸ் தைக்கிறேன், ஒரு பூச்சிக்குச் சட்டை தைக்க ஏலாதா?

இவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். ஊசி முனையில் இருக்கிற சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்குவது. நசுக்கினால் ஊசி மீனின் வாயிலிருந்து சுகமாகக் கழன்றுவிடும். அதுவும் கிளப் சட்டம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சம்பந்தியைக் கண்ணால் கண்டேன்.

சம்பந்தி என்பது ஒரு ட்ரவுட். பெயர் வைத்தவர் இவர். எதைக் கொடுத்தாலும் கிட்ட வந்து, பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகுமாம். நடைபாலத்துக்குக் கீழே, யாரோ தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது. மேலே வில்லோ மரம் படுத்திருக்கிறது. பின்னால் முட்பற்றை. நடுவில் ஒரு தாம்பாளமளவு தண்ணீர், அதற்குள் அது. என் முழங்கை நீளம் இருக்கும். சிவப்புப் புள்ளிகள், நல்ல வடிவு.

அங்கே தடியை ஓங்கி வீச இடமில்லை. பூச்சியை விரலால் பின்னுக்கு இழுத்து, தடி வளைய, கல்லடிக்கிற கெற்றப்போல் மாதிரி விட வேண்டுமாம். இவர் விட்டால் அது தன் காற்சட்டையில்தான் குத்துகிறது.

“சாகிறதுக்கிடையில அதை ஒருக்காக் கையில பிடிச்சுப் பாக்கவேணும்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

வாடிக்கைக்காரி புனிதாவின் மயில்கழுத்து நிறப் பட்டு ப்ளவுஸ் முடிந்தது. கொஞ்சம் நூல் மிஞ்சியது. சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மயிலிறகு இருக்கிறது, போன வருடத் திருவிழாவில் காவடியிலிருந்து விழுந்தது. அதிலிருந்து மூன்றே மூன்று இழை எடுத்தேன். (முருகா, மூன்றுதான்.) பட்டு நூல், மயிலிறகு, சரிகை. நான் கட்டியதிலேயே வடிவான பூச்சி அதுதான்.

இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது மீனுக்கோ, மணவறைக்கோ?”

மீன் மண்ணிறப் பூச்சிதான் தின்னுமாம், ஆடம்பரம் பிடிக்காதாம். முள்ளை நசுக்கக்கூட இல்லை, அப்படியே திருப்பித் தந்துவிட்டார். நான் அதை என் ஊசிக் குஷனில் குத்தி வைத்தேன். ரோஷம் எனக்கும் உண்டு.

ஓகஸ்ட் 8, வெள்ளி

எழுதாமல் இருக்கவும் ஏலாது.

வழக்கம்போல நானும் கூடப் போனேன். இதயக்காரரைத் தனியே தண்ணீரில் விடுகிறதில்லை. கரையில் இருந்து ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். இவருடைய பூச்சி தள்ளுவண்டிக் கம்பியில் சிக்கி அறுந்தது. அதே நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, பார்க்கிங் முடியுது. காரை மாத்திப்போட்டு வாறன். தடியைப் பிடியும்” என்று ஓடினார். ஓடக்கூடாது என்று கத்தினேன், காதில் விழவில்லை.

கையில் தடி. நுனியில் வெறும் நூல். மடியில் ஊசிக் குஷன். அதில் மயில்கழுத்து.

சும்மா கட்டிப் பார்ப்போம் என்றுதான் கட்டினேன். சும்மா இழுத்துப் பார்ப்போம் என்றுதான் இழுத்தேன். சின்ன வயதில் கெற்றப்போலால் மாங்காய் அடித்த கை, மறக்குமா? விட்டேன். பூச்சி கிளைக்குக் கீழாலே போய், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், பூப்போட்டதுபோல விழுந்தது.

சம்பந்தி யோசிக்கவே இல்லை. வந்தது, விழுங்கியது. தடி வளைந்தது.

பிறகு நான் செய்ததுதான் மடைத்தனம். தையல் முடிந்தால் நூலை மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டி அறுப்பேன். ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிற வேலை. அதே கை, அதே சுண்டு. பட்டென்று அறுந்தது. மீன் போய்விட்டது, வாயில் என் பூச்சியோடு.

முள் நசுக்காத பூச்சி.

இவர் திரும்பி வந்து வெறும் நூலைப் பார்த்தார். தான் அறுத்ததுதானே என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். தூண்டில் லைசென்ஸ் இல்லாமல், முருகனின் இறகால், அதுவும் வெள்ளிக்கிழமை, கட்டின மனுசன்ர மீனை! எனக்கு வேற வேலை இல்லையே?

ஓகஸ்ட் 11, திங்கள்

மீனுக்கு வாய் நோகுமா?

ஓகஸ்ட் 22, வெள்ளி

“ரெண்டு கிழமையாச் சம்பந்தியைக் காணேல்ல” என்றார். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இவர் ஆற்றுக்குப் போகவில்லை. நாலாவது நாள். மழை என்றார். மழை இல்லை. சோபாவில் அதே பள்ளத்தில் இருந்துகொண்டு, சத்தம் குறைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், ஆறிப் போனது.

“கொக்கு கிக்கு கொண்டுபோயிருக்கும். வயசான மீன்தானே” என்றார்.

கொக்கு இல்லையப்பா. நான்தான். என்ர கைதான். எனக்குப் பயம் பிடித்தது. மீனுக்காக இல்லை, அந்தப் பள்ளத்துக்காக. இந்த மனிதரை அதிலிருந்து எழுப்ப எனக்கு ஏலாமல் இருந்தது. ஒரு மீன் எழுப்பியது. அதை நானே கொன்றுவிட்டேனா?

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் கௌசி லீட்ஸிலிருந்து போன் பண்ணினாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அரை நிமிடம் சிரித்தாள்.

“அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம். இட்ஸ் எ ஃபிஷ்.”

அவளுக்கு என்ன தெரியும்? அது ஃபிஷ் இல்லை, சம்பந்தி.

செப்டம்பர் 17, புதன்

சரிகை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே நடைபாலத்துக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றேன். தள்ளுவண்டி, கிளை, தண்ணீர். ஒரு பழைய ஷூ மிதந்து போனது.

பிறகு தண்ணீரில் ஒரு வட்டம் விழுந்தது. ஈ ஒன்றைப் பிடிக்க மேலே வந்தது. முழங்கை நீளம், சிவப்புப் புள்ளி. கடைவாயில் ஏதோ மினுங்கியது. சாப்பிடுகிறது! நல்லாச் சாப்பிடுகிறது! நான் போட்ட கூச்சலில், நாயோடு வந்த ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, செருப்புக் கழற்றியபடி, “பாலத்தடியில என்னவோ பெரிசா ஒண்டு துள்ளினது” என்றேன்.

ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“எந்தப் பக்கம்? தள்ளுவண்டிக்கு இங்காலயோ, அங்காலயோ?”

சரிகை எங்கே என்று கேட்கவே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒவ்வொரு நாளும் போகிறார். நேற்று கெற்றப்போல் வீச்சு மூன்று தரம் சரியாக விழுந்ததாம். காற்சட்டையில் ஓட்டை ஐந்து. நானே தைத்தேன். வருகிற செவ்வாய் சீசன் முடிகிறது.

பிடித்தால் என் பூச்சியைக் காண்பார். பிடிக்காவிட்டால் பனிக்காலம் முழுக்கச் சோபா. முருகா, பிடிக்கட்டும். எனக்கு வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நவராத்திரி ப்ளவுஸ்கள் குவிந்து கிடந்ததால் நான் போகவில்லை. கிளப்காரர் ஒருவர் கூடப் போனார்.

ஆறு மணிக்கு வந்தார், இடுப்புவரை ஈரம். விசில் இல்லை. கை கழுவினார், துடைத்தார், என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு பூச்சிகள். ஒன்று மண்ணிற முயல் மயிர். மற்றது நூல் பிரிந்து, சரிகை கறுத்து, ஆனாலும் மயில்கழுத்து.

“பிடிச்சிட்டன்” என்றார். “ரெண்டு கையிலயும் வச்சிருந்தன், ஈசு. தண்ணிக்குள்ள. பிறகு விட்டன்.”

“சந்தோசம்” என்றேன்.

“சம்பந்திக்கு ஏற்கெனவே ஆரோ மூக்குத்தி குத்தியிருக்கினம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கிங், ஊசிக் குஷன், சுண்டு, இரண்டு மாத நித்திரையின்மை. நடுவில் அழுதும் தொலைத்தேன்.

“நான் காரை மாத்திப்போட்டு வர எவ்வளவு நேரம் எடுத்தது?”

“பத்து நிமிசம்.”

“ரெண்டு சீசன் நான் நாயா அலைஞ்சன். நீர் பத்து நிமிசத்தில...”

சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்து எழும்ப, “ஒண்டும் இல்ல, இரும், இரும்” என்று கையைக் காட்டிக்கொண்டு இன்னும் சிரித்தார். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்த ஞாபகம்.

ஒக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. கத்தரிக்கோல், மெஷின் ஊசிகள், அளவு நாடா எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். மயிலிறகுக்காக முருகனிடமும் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டேன்.

இவர் தூண்டில் தடியைக் கொண்டுவந்து கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் சாய்த்தார். பிறகு என் மயில்கழுத்தை எடுத்து, குறட்டால் அதன் முள்ளை நசுக்கி, என் ஊசிக் குஷனில் குத்திவிட்டு, போனை நீட்டினார். லைசென்ஸ் படிவம். பெயர் என்ற இடத்தில் சிவனேஸ்வரி சண்முகராசா என்று என் முழுப் பெயர் ஏற்கெனவே அடித்திருந்தது.

“அப்ப காரை ஆர் மாத்துறது?” என்று கேட்டேன்.

திருநீற்றைப் பூசிக்கொண்டே, “மாறி மாறி” என்றார்.