“ஆள் இல்லை” என்ற அறிக்கையும் நான்காம் துடுப்பும்

அனுப்புநர்
ஐலா கொர்பெலா,
(பின்லாந்து நாட்டவர், வயது 59, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்)
11, கயிற்றுக்காரர் தெரு,
துறைப்பேட்டை, தொர்ரெகாலா,
தெற்கு இத்தாலி.

பெறுநர்
குடிப்பதிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், தொர்ரெகாலா.

பொருள்: வசிப்பிடப் பதிவு – மூன்று முறை வந்தும் “ஆள் இல்லை” என்ற காவலர் அறிக்கையின் பேரில் விண்ணப்பம் நிராகரிப்பு – அதனால் துறைப்பேட்டை மகளிர் படகின் கோப்பை முடக்கம் – இரண்டையும் சரிசெய்யக் கோருதல்.

பார்வை: தங்கள் செப்டம்பர் 4ஆம் தேதிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கடந்த பிப்ரவரி முதல் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். பின்லாந்திலிருந்து வரவேண்டிய சான்றுகள் தாமதமானதால் ஜூலை 20ஆம் தேதிதான் தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். நகராட்சிக் காவலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

2. எங்கள் நாட்டில் அதிகாரி வருவார் என்றால் வருவார். ஆகவே இஸ்திரி போட்ட உடையுடன், காகிதங்களை மேசைமேல் அடுக்கி வைத்து, பன்னிரண்டு நாள் வாசலைத் தாண்டாமல் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. இல்லை, தவறு. தெருவே வந்தது. எனக்குத் தீராத நோய் என்று கேள்விப்பட்டு மூன்று வீட்டிலிருந்து கோழிச்சாறு வந்தது. நான்காம் நாள் பாதிரியார் வந்தார். பன்னிரண்டாம் நாள் மிரெல்லா என்பவர் சன்னலுக்குக் கீழே நின்று, “சின்யோரா, உயிரோட இருக்கீங்களா இல்லையா? இருந்தா துடுப்பைத் தூக்கிட்டு வாங்க. படகுல உங்க இடம் காலியா இருக்கு, மானம் போகுது!” என்று சத்தமிட்டார். மிரெல்லா எங்கள் படகின் மூன்றாம் துடுப்பு. ஜூன் கடைசியிலிருந்து நான் நான்காவது. அன்றே வெளியே வந்தேன். அதன் பிறகு பகலில் வீட்டில் தங்கவில்லை. என் குற்றம் இவ்வளவுதான்.

3. ஆய்வுக்கு நியமிக்கப்பட்டவர் காவலர் கோசிமோ லாபெர்தா. நேர்மையானவர், அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் மேற்சொன்ன மிரெல்லாவின் கணவர் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

4. முதல் ஆய்வு, ஆகஸ்ட் 8, காலை 11 மணி. அந்நேரம் நான் காவலரின் வீட்டில் அவர் தாயார் இம்மகொலாத்தாவுடன் ஆண்டுக்கான தக்காளிச் சாற்றைப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சிவப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வந்த காவலர் என் எதிரே அமர்ந்து, “உங்க வீட்டுக்குத்தான் போயிட்டு வர்றேன் சின்யோரா. ஆளே இல்லையே!” என்றார். “ஏண்டா, ஆள் உன் மூக்குக்கு முன்னாடி உக்காந்திருக்காளே, கண்ணு தெரியலையா?” என்று தாயார் கேட்டார். “அது வேற, இது வேறம்மா. முகவரியில இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பாஸ்தா கேட்டு வாங்கிக்கொண்டார்.

5. இரண்டாம் ஆய்வு, ஆகஸ்ட் 19, மாலை 6 மணி. படகுப் பயிற்சி நேரம். கதவைத் தட்டிவிட்டுத் துறைமுகம் வழியே திரும்பிய காவலர், கரையிலிருந்து எங்களுக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். துடுப்பை விட்டதற்காக மிரெல்லாவிடம் திட்டு வாங்கினேன்.

6. மூன்றாம் ஆய்வுதான் என் வயிற்றெரிச்சல். ஆகஸ்ட் 27 காலை துறைமுகக் கடையில் காவலரும் நானும் ஒன்றாக நின்று காபி குடித்தோம். குடித்து முடித்து, “சரி, உங்க வீட்டுக்குப் போறேன்” என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். பதறிவிட்டார். “ஐயோ, நீங்க கூட வரக்கூடாது! இது திடீர் சோதனை. நீங்க வந்தா அப்புறம் அதுல திடீர் எங்க இருக்கு?” என்றார். போய் மணி அடித்து, காத்திருந்து, “ஆள் இல்லை” என்று எழுதினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

7. ஆகஸ்ட் 31, திருவிழாப் படகுப் போட்டி. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு துறைப்பேட்டை மகளிர் படகு வென்றது. அதுவும் இரண்டு படகு நீள இடைவெளியில்! ஐயா, என்னைத் தோளில் தூக்கிக் கயிற்றுக்காரர் தெரு முழுவதும் சுமந்தார்கள். நான் எழுபத்தெட்டு கிலோ. இந்த வயதுவரை, பிறந்த ஊரில்கூட என்னை யாரும் இப்படித் தூக்கியதில்லை. நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

8. செப்டம்பர் 4 அன்று தங்கள் கடிதம் வந்தது. அன்று மாலையே, போட்டியில் எங்களிடம் தோற்ற மேல்பேட்டையார், துடுப்பு போடுபவர் பேட்டையில் வசிப்பவராக இருக்கவேண்டும் என்ற விதியைக் காட்டி எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறார்கள். கோப்பை இப்போது தங்கள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. நான் வெளியூர்க்காரி என்று தீர்ப்பானால், என்னோடு எழுபது நாள் உள்ளங்கை கிழியத் துடுப்புப் போட்ட ஐந்து பெண்களின் வெற்றியும் போகும். என்னால் அவர்கள் தோற்றதாக ஆகக்கூடாது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

9. தங்கள் அறிக்கையில் பொய் இல்லை. நான் வீட்டில் இல்லை. ஆனால் நான் எங்கே இருந்தேன் என்பதைத்தான் அதில் யாரும் எழுதவில்லை. இத்துடன் அறுபத்து மூன்று பேர் கையொப்பமிட்ட சாட்சிப் பட்டியலை இணைத்துள்ளேன். நான் எந்நாளில் எவர் வீட்டில் இருந்தேன் என்று அவரவரே எழுதியிருக்கிறார்கள். பதினேழாவது கையொப்பம் காவலர் கோசிமோ லாபெர்தாவுடையது. பணி நேரம் முடிந்து, சீருடையைக் கழற்றிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்.

10. எனவே நிராகரிப்பை ரத்து செய்து, என் பெயரைத் தொர்ரெகாலா குடிப்பதிவேட்டில் சேர்த்து, கோப்பையைத் துறைப்பேட்டையிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மறு ஆய்வு தேவையென்றால் தாராளமாக அனுப்புங்கள். இந்தத் தெரு வழக்கப்படி சாவி கதவின் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. காவலர் உள்ளே போய் உட்காரலாம், காபித்தூள் அடுப்புக்கு மேல் தட்டில் இருக்கிறது. நான் வீட்டில் இருப்பேன் என்று மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். ஊரில் இருப்பேன்.

இடம்: தொர்ரெகாலா
நாள்: செப்டம்பர் 9

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஐலா கொர்பெலா,
நான்காம் துடுப்பு,
துறைப்பேட்டை மகளிர் படகு.